முழங்கை வரை வாட்ச்

தென்காசி பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கிற வேலையில் இருக்கும் உச்சிமாகாளி என் உடன்பிறந்த தம்பி. எனக்கு மூன்று வயது இளையவன். ஒரு பஸ் ஒரு நிமிஷம் முந்திக் கிளம்பினாலும் விசில் ஊதி நிறுத்திவிடுகிறான் என்று டிரைவர்கள் என்னிடமே வந்து குறை சொல்லியிருக்கிறார்கள். "சொல்லி வைக்கேன்" என்று அவர்களை அனுப்பிவிடுவேன். இன்றுவரை அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நிமிஷத்தை மதிக்கிறவன் என்று ஊர் பேசினால் எனக்குப் பெருமைதான்.

இன்று அவன் கையில் ஒரே ஒரு வாட்ச் இருக்கிறது. அதே கையில் மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரை ஏழு வாட்ச் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏழில் ஒன்றுகூட அவனுடையது இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் தேதியும் மணியும் எனக்குத் தப்பாது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குத்துக்கல்வலசை. அந்த நாளில் என் கணவர் ஊரில் வயலைப் பார்த்துக்கொள்வார். குற்றாலத்தில் சீசன் நடக்கிற மூன்று மாதமும் நானும் தம்பியும் பேரருவிக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு கடை போடுவோம். எண்ணெய், சீயக்காய்த் தூள், சோப்பு, துண்டு. இவ்வளவுதான் சரக்கு. அருவி இரைச்சலில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். சீசன் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் ஒரு வாரம் நாங்கள் கத்திக்கொண்டேதான் பேசுவோம்.

1957ஆம் வருடம், ஜூன் மாதம் இருபதாம் தேதி. தம்பிக்கு அப்போது பதினேழு வயது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவிக்குள் போகிற நேரத்தில் கையில் வாட்ச் இருப்பதைக் கவனித்தார். திரும்பி வந்து அதைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினார்.

"தம்பி, குளிச்சிட்டு வர்ற வரைக்கும் வச்சிரு. கீழ எங்கயும் வைக்காதே. கையிலேயே கட்டிக்கோ."

அவன் கட்டிக்கொண்டான். பிறகு அந்தக் கையை மடக்கவும் இல்லை, தொங்கவிடவும் இல்லை. எலும்பு முறிந்து கட்டுப் போட்ட ஆளைப் போல நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டே நின்றான்.

"ஏலே, கை பிசகிட்டா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஓடுதுக்கா!"

"என்னது ஓடுது?"

"கீழ சின்ன வட்டத்துல ஒரு குட்டி முள்ளு இருக்கு பாரு. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், அது நிக்கவே மாட்டேங்குது!"

வாட்ச்சின் நிமிஷ முள் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு உள்ளேயும் அறுபது கூறு இருக்கிறது என்பதை அவன் அன்றுதான் கண்ணால் பார்த்தான். கோயம்புத்தூர்க்காரர் அரை மணி நேரம் கழித்து வந்து வாங்கிக்கொண்டு போன பிறகும், அவன் வெறும் மணிக்கட்டை இரண்டு தடவை பார்த்தான். நான் அதைக் கவனித்தேன்.

மறுநாளிலிருந்து அவனே குளிக்க வருகிறவர்களைக் கேட்கத் தொடங்கினான். "அண்ணாச்சி, வாட்ச்சைக் குடுத்துட்டுப் போங்க. தண்ணி ஏறிச்சுன்னா கண்ணாடிக்குள்ள மூடம் போட்டுரும்." எங்கள் கடையில் எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு இது இலவசம். அந்த சீசன் முடிவதற்குள், பேரருவிக்குப் போனால் மாகாளியிடம் வாட்ச் கொடுக்கலாம் என்று தென்காசி வரை தெரிந்துவிட்டது.

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. உள்ளே போகும்போது சட்டை, கண்ணாடி, நெற்றியில் திருநீறு என்று ஆளுக்கொரு அடையாளம் இருக்கும். திரும்பி வரும்போது எல்லாரும் இடுப்பில் ஈரத் துண்டும் தலையில் ஒட்டிய முடியுமாக ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். வக்கீலையும் வண்டிக்காரரையும் பிரித்துச் சொல்ல முடியாது. தம்பி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. "கையை நீட்டுங்க அண்ணாச்சி" என்பான். வெயில் படாமல் வாட்ச் மறைத்திருந்த இடம் வெளிறிக் கிடக்கும். வட்ட வாட்ச் என்றால் வட்டம், சதுரம் என்றால் சதுரம். தோல் வார் கட்டுகிறவர் கையில் அகலப் பட்டையாக இருக்கும். இரும்புச் சங்கிலி கட்டுகிறவர் கையில் கட்டம் கட்டமாகத் தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தையும் தன் கையில் இருக்கிற வாட்ச்சையும் ஒத்துப் பார்த்துக் கழற்றிக் கொடுப்பான். ஐந்து சீசனில் ஒரு வாட்ச் மாறியதில்லை.

இப்படித்தான் அவன் வாட்ச் கட்டிப் பழகினான். எத்தனை வகை! இருட்டில் பச்சையாக ஒளிவிடும் முள் உள்ளது, தேதி காட்டும் சன்னல் வைத்தது, பதினேழு கல் வைத்தது, சாவி கொடுக்காமலே கையாட்டத்தில் ஓடுவது. பெண்கள் கட்டுகிற, புளியங்கொட்டை அளவு வாட்ச்சும் வந்தது. அதை அவன் கட்டிக்கொள்ள மாட்டான். மஞ்சள் துணியில் சுற்றி என்னிடம் தந்துவிடுவான். எண்ணெய்ப் புட்டியை அவன் தொடுவதே இல்லை. அந்த வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. கேட்டால், "எண்ணெக் கையோட வாட்ச்சைத் தொடலாமாக்கா?" என்பான், ஏதோ எச்சில் கையோடு சாமியைத் தொடச் சொன்னதுபோல.

கையில் ஒன்றுக்கு மேல் வாட்ச் சேர்ந்த பிறகுதான் அவனுக்கு அந்தக் குழப்பம் வந்தது.

"அக்கா, இதுல மணி பத்து அஞ்சு. இதுல பத்து பன்னெண்டு. ரெண்டும் ஓடுது. அப்ப எது நெசம்?"

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் இருக்கும். துண்டை எடுத்துக் குடு, ஆளு நிக்காவ."

என் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் சோறுகூடச் சரியாக இறங்காமல் திரிந்தான். மூன்றாம் நாள் தாணுமாலயன் என்பவர் குளிக்க வந்தார். செங்கோட்டையில் ரயில்வே கார்டு, பெரிய மீசை, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஓய்வு நாளெல்லாம் அருவிக்கு வந்துவிடுவார். தம்பி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டான்.

"எடே, இதுல என்ன சந்தேகம்? தெனமும் ஸ்டேஷனுக்குத் தந்தியில நேரம் வருது. அதுக்கு ஒத்துத்தான் ஸ்டேஷன் கடிகாரம். ஸ்டேஷனுக்கு ஒத்துத்தான் என் வாட்ச். இதுதான் நெசம். மத்ததெல்லாம் அவனவன் வீட்டு நேரம்."

அன்று தம்பி முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. அதன் பிறகு கார்டு வாட்ச் அவன் கைக்கு வருகிற நாளெல்லாம் அவனுக்குத் திருநாள். அதைப் பார்த்து மற்ற வாட்ச் எல்லாவற்றையும் சரி செய்துவிடுவான். உடையவர்களைக் கேட்பதில்லை. சிலருடைய மூக்குக் கண்ணாடியும் எங்களிடம் வரும்; அதை நான் துடைத்துக் கொடுப்பேன். அதுபோல இவன் நேரத்தைத் துடைத்துக் கொடுக்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன். தடுக்கவில்லை. அதில் என் தவறும் உண்டு என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

1961ஆம் வருடம், ஜூலை மாதம் பத்தாம் தேதி, திங்கட்கிழமை.

பகல் பன்னிரண்டு மணிக்கு வீரகேரளம்புதூர் தில்லைநாயகம் பிள்ளையும் அவர் மகள் வடிவாம்பாளும் குளிக்க வந்தார்கள். ஐந்தருவி ரோட்டில் சீசனுக்கு வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். பிள்ளைவாள் வாட்ச்சைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஆண்கள் பக்கம் போனார். சாரல் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் கூட்டம் குறையவில்லை. அந்தப் பெண் சீக்கிரமே குளித்துவிட்டு எங்கள் கடை ஓரமாக நின்று தலை துவட்டினாள். கண்ணுக்கு லட்சணமான பிள்ளை. அன்று முகத்தில் மட்டும் பயம்.

"நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு மெட்ராஸ்ல நேர்முகத் தேர்வு இருக்குக்கா. டாக்டர் படிப்புக்கு" என்றாள். "கடுதாசி ஊருக்குப் போயி அங்கன கெடந்து, நேத்துதான் இங்க வந்துச்சு. சாயங்காலம் அஞ்சேகால் ரயிலை விட்டா வேற வழியே இல்ல."

"அதெல்லாம் போயிரலாம்மா. அப்பா கூட இருக்காவல்லா?"

"அப்பாவா?" என்று சிரித்தாள். "அப்பா வாட்ச்சு எப்பமும் காமணி நேரம் முன்னால ஓடும். வேணும்னே அப்படி வச்சிருக்காவ. ஆனா பாக்கும்போது காமணியைக் கழிச்சிட்டுத்தான் பாப்பாவ. அப்புறம் எதுக்கு முன்னால வைக்கணும்? கேட்டா கோவம் வந்துரும்."

நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைவாள் வந்தார், கையை நீட்டினார், வாட்ச்சை வாங்கிக்கொண்டு மகளோடு போய்விட்டார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதன் பிறகு நூறு பேருக்காவது எண்ணெய் ஊற்றியிருப்பேன்.

மணி நாலு பத்துக்கு டீ வந்தது. தம்பி கையில் அப்போது நான்கு வாட்ச். ஒன்று, காலையிலேயே வந்து அன்று மூன்றாம் தடவையாகக் குளிக்கப் போயிருந்த கார்டு தாணுமாலயன் வாட்ச். ஒன்று கடையநல்லூர் ஜவுளி வியாபாரி அப்துல் மஜீது வாட்ச். மற்ற இரண்டும் மதுரையிலிருந்து வந்த இரண்டு இளவட்டங்களுடையவை. நான்கு பேரும் அருவிக்குள் இருந்தார்கள். டீயைக் குடித்துக்கொண்டே, சும்மா சிரிப்புக்காக, பிள்ளைவாளின் கழித்தல் கணக்கை நான் அவனிடம் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. டீக் குவளையைக் கீழே வைத்தான்.

"அக்கா... அந்த வாட்ச்சை நான் சரி பண்ணிட்டேனே."

"பண்ணினா என்னலே?"

"அவுக இன்னமும் அதுல காமணியைக் கழிச்சில்லா பாப்பாவ! மணி நாலே முக்கால்னா நாலரைன்னு நெனப்பாவ. அந்தப் பொண்ணுக்கு ரயில் போச்சுக்கா!"

ஒரு பெண்பிள்ளையின் டாக்டர் படிப்பு எங்கள் கடை வாசலில் நின்று போய்விட்டது என்றால், நாங்கள் எந்த முகத்தோடு இருப்பது? "ஐந்தருவி ரோட்டுல பச்சைக் கேட்டு போட்ட வீடுன்னு அந்தப் பிள்ளை சொன்னா. ஓடுலே!" என்றேன். அவன் வாடகை சைக்கிள் கடையில் ஒரு சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனான்.

அவன் தலை மறைந்த பிறகுதான் நான் கவனித்தேன். நான்கு வாட்ச்சும் அவன் கையோடு போய்விட்டன.

வீட்டில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. தம்பி சொன்னதையும் பின்னால் வடிவாம்பாள் சொன்னதையும் ஒத்துப் பார்த்தே எழுதுகிறேன். ஐந்தருவி ரோட்டில் பச்சைக் கேட்டு போட்ட வீடு ஒன்றல்ல, மூன்று. மூன்றாவது வீட்டை அவன் கண்டுபிடித்தபோது மணி நாலு முப்பத்து மூன்று. வாசலில் குதிரை வண்டி நின்றது. பெட்டி ஏற்றியாகிவிட்டது. பிள்ளைவாள் உள்ளே கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகத் தலை சீவிக்கொண்டிருந்தார். வாட்ச் நாலு நாற்பது காட்டும்போது வீட்டை விட்டு இறங்குவது என்பது அவர் திட்டம். அவர் கணக்கில் அது நாலு இருபத்தைந்து. தென்காசி ஸ்டேஷனுக்குக் குதிரை வண்டியில் நாற்பது நிமிஷம் ஆகும்.

"அய்யா, கெளம்புங்க! நேரம் ஆயிட்டு!"

"யாருடே நீ? அருவிக்கரைப் பையன்லா? வாட்ச்சைத்தான் அப்பமே தந்துட்டியே."

"தந்தேன்யா. தரும்போது சரி பண்ணித் தந்துட்டேன். பதினேழு நிமிஷம் பின்னால தள்ளிட்டேன்."

"என்னது, பதினேழா? நான் வச்சது பதினஞ்சுடே!"

"பதினேழு இருந்துச்சுய்யா."

"என் வாட்ச்சு எனக்குத் தெரியாதா? பதினஞ்சு!"

"என் கண்ணால பாத்தேன்யா. பதினேழு!"

பெட்டியும் படுக்கையும் வண்டியில் இருக்க, குதிரை தலையை ஆட்டிக்கொண்டு நிற்க, இரண்டு பேரும் இதையே நான்கைந்து தடவை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். வடிவாம்பாள்தான் நடுவில் வந்து விழுந்தாள்.

"அப்பா! பதினஞ்சோ பதினேழோ இருக்கட்டும். இப்ப மணி என்னப்பா?"

பிள்ளைவாள் வாட்ச்சைப் பார்த்தார். "நாலு முப்பத்தாறு. அதாவது நாலு இருவத்தொண்ணு."

"நாலு முப்பத்தாறுதான்யா! இங்கன பாருங்க" என்று தம்பி சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு இடது கையை நீட்டினான். நான்கு வாட்ச்சும் நாலு முப்பத்தாறு காட்டின.

"நாலும் நீ திருப்பி வச்சதுதானே? உன் பேச்சைத்தான் அதுவும் பேசும்."

பிள்ளைவாள் கேட்டதில் நியாயம் இருந்தது. தம்பி மணிக்கட்டில் இருந்த முதல் வாட்ச்சைத் தொட்டுக் காட்டினான்.

"இதை மட்டும் நான் திருப்புனதே இல்லய்யா. இது கார்டு தாணுமாலயன் அண்ணாச்சி வாட்ச்."

"செங்கோட்டைக் கார்டா? மீசைக்காரர்?"

"ஆமாய்யா."

பிள்ளைவாள் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. "வடிவு, ஏறும்மா வண்டியில!" என்று கத்திக்கொண்டே செருப்பைக்கூட மறந்து ஓடினார். வண்டி கிளம்பும்போது மணி நாலு நாற்பது. அப்போது கிளம்பிக் குதிரை வண்டியிலேயே போனால் ஐந்து இருபதுக்குத்தான் ஸ்டேஷன்.

இனி அருவிக்கரைக்கு வருகிறேன். இதை நான் நேரில் பட்டவள்.

நாலு இருபதுக்கு மதுரை இளவட்டங்கள் வந்து கையை நீட்டினார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அருவி இரைச்சலில் அவர்களுக்குப் பாதிதான் கேட்டது. "யாரோ ஒருத்தருக்கு ரயிலுக்கு நேரமாச்சாம், அதுக்கு எங்க வாட்ச்சைக் கட்டிக்கிட்டு ஓடிட்டானா? நல்லா இருக்கே கதை!" என்று ஒருவன் சத்தம் போட்டான். இன்னொருவன் போலீஸைக் கூப்பிடுவேன் என்றான். கூட்டம் கூடிவிட்டது. அடுத்து வந்தவர் அப்துல் மஜீது. பருத்த உடம்பில் ஈர வேட்டியோடு, "என் வாட்ச்சுமா போச்சு? மலாயாவுல இருந்து வந்த வாட்ச்சு தாயீ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் என் காதுக் கம்மலைக் கழற்றினேன். "அவன் வர்ற வரைக்கும் இதை வச்சிக்கிடுங்க. என் தம்பி வராம இருந்தா இது உங்களுக்கு." என் குரல் நடுங்கவில்லை. அவன் வருவான் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அந்த நேரம் கார்டு தாணுமாலயன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு மீசையைத் துடைத்தார்.

"கம்மலைப் போடும்மா. எடே தம்பிமாரே, உங்களுது ரெண்டு வாட்ச்சு. போனா வேற வாங்குவிய. என் வாட்ச்சு போனா நான் எப்படி வண்டியைக் கெளப்பதுக்கு? நானே சும்மா நிக்கேன், நீங்க எதுக்குத் துள்ளுதிய?"

சிரிப்பு எழுந்தது. ஆனாலும் யாரும் நகரவில்லை. ஈரத் துணியோடு, சாரலில் நடுங்கிக்கொண்டு, அத்தனை பேரும் ஐந்தருவி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாலு ஐம்பதுக்குக் குதிரை வண்டி வந்தது. வண்டிக்கு முன்னால் சைக்கிளில், கையை உயர்த்தி மணியடித்துக்கொண்டு என் தம்பி! "வழி விடுங்க! வழி!" என்று அவன் கத்தியது அருவியை மீறிக் கேட்டது.

சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கியவன், கையை நீட்டச் சொல்லாமலே மதுரைக்காரர்கள் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தான். அப்துல் மஜீதுவின் வாட்ச்சைக் கழற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தான்.

"முதலாளி, உங்க கார் எங்கன நிக்கி?"

"என் காரா? அந்தா, ஆலமரத்தடியில. எதுக்குவே?"

"இன்னும் இருவத்துநாலு நிமிஷந்தான் இருக்கு. இந்தப் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போகுது."

அப்துல் மஜீது வண்டிக்குள் இருந்த பெண்ணைப் பார்த்தார். அவள் அழவில்லை, கடுதாசியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "அடப் பாவிகளா, இதை மொதல்லயே சொல்லாம வாட்ச்சு கதை பேசிட்டு நிக்கிய! பெட்டியைத் தூக்குவே!" என்றார். ஈர வேட்டியோடு, மேலுக்குத் துண்டோடு, அவரே காரை ஓட்டினார். பழைய ஆஸ்டின் கார். கிளம்பும்போது நாலு ஐம்பத்தைந்து. கார்டு தன் வாட்ச்சைக் கேட்கவில்லை. "கட்டிட்டுப் போடே. வழியில தேவைப்படும்" என்றார்.

மேலகரத்தில் எருமைக் கூட்டம் மறித்தது. எதிரே இரண்டு பஸ், பின்னால் ஒரு வைக்கோல் வண்டி. தம்பி காரின் வெளிப்படியில் தொற்றிக்கொண்டு நின்று நேரம் சொல்லிக்கொண்டே வந்தானாம்.

"அஞ்சு நாலு!"

"நேரஞ் சொல்லாதவே! எனக்குக் கால் உதறுது!" என்று அப்துல் மஜீது ஹாரனை அடித்தார்.

"அஞ்சு அஞ்சு முதலாளி!"

"யாராச்சும் அவன் வாயைப் பொத்துங்கய்யா!"

ஐந்து மணி பதினோரு நிமிஷத்துக்குக் கார் ஸ்டேஷன் வாசலில் நின்றது. ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. தம்பி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட, பிள்ளைவாள் வெறுங்காலோடு ஓட, வடிவாம்பாள் எல்லாரையும் முந்தி ஓடி, கிடைத்த பெட்டியில் ஏறிவிட்டாள். ஐந்து பதின்மூன்றுக்கு மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது!

அந்த இரண்டு நிமிஷத்தில் பிள்ளைவாள் என்ன செய்தார் தெரியுமா? சன்னல் வழியாக வாட்ச்சைக் கழற்றி நீட்டினார்.

"இதைப் பழையபடி பதினஞ்சு நிமிஷம் முன்னால வச்சிக் குடுடே."

"இப்ப சரியாத்தானய்யா ஓடுது?"

"அதாண்டே கோளாறு! வையி!"

தம்பி வாட்ச்சைக் கையில் வாங்கினான். சரியாக ஓடுகிற ஒரு வாட்ச்சைத் தெரிந்தே தப்பாகத் திருப்ப வேண்டும். அவன் வாழ்க்கையில் செய்யாத காரியம். நாளைக் காலை நேர்முகத் தேர்வுக்குப் போகப்போகிறவள் தானா, இல்லை அந்த அண்ணனா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அவன் விரல் நடுங்கியது என்று வடிவாம்பாள் சொன்னாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு, எண்ணிப் பதினைந்து நிமிஷம் தள்ளிக் கொடுத்தான்.

"மாசத்துக்கு ஏழெட்டு நிமிஷம் தானாவே கூடிப்போகும்" என்று பிள்ளைவாள் வாங்கிக் கட்டிக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு ஒண்ணாந் தேதியும் திருப்பிப் பதினஞ்சுல கொண்டாந்து வச்சிருவேன்."

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. தம்பி வாய்க்குள் எதையோ கணக்குப் போட்டான். பிறகு திடீரென்று ரயிலோடு ஓடத் தொடங்கினான்.

"அய்யா! அப்ப நாலு நாளைக்கு ஒரு நிமிஷம்! இன்னைக்குத் தேதி பத்து! பதினேழு சரிதான்யா!"

"பதினஞ்சுடே!" என்ற சத்தம் சன்னலிலிருந்து வந்தது. ரயில் போய்விட்டது.

இரவு விளக்கு வைப்பதற்குள் அவன் அருவிக்கரைக்குத் திரும்பிவிட்டான். கார்டு வாட்ச்சை வாங்கிக்கொண்டு அவன் முதுகில் ஒரு அறை வைத்தார். அது பாராட்டுத்தான். மறுநாள் எங்கள் கடை முன்னால் வாட்ச் கொடுப்பதற்கு வரிசை நின்றது. போலீஸைக் கூப்பிடுவேன் என்ற மதுரைக்காரனே முதலில் நின்றான். தம்பி அன்று முதல் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டான். "அண்ணாச்சி, இதுல இருக்கது நீங்க வேணும்னு வச்ச நேரமா? இல்ல, அதுவா ஓடிப்போன நேரமா?" இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தவர்கள் அநேகம் பேர்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் அவன் சொந்தமாக வாட்ச் வாங்கினான். தென்காசியில் வாட்ச் பழுது பார்க்கும் பரீது கடையில், ஒருமுறை கை மாறிய வட்ட வாட்ச். தோல் வார், கீழே சின்ன வட்டத்தில் நொடி முள். வாங்குவதற்கு முன்னால் ஏழு நாள் அதைக் கடையிலேயே ஓடவிட்டு, தினமும் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் போய் ஒத்துப் பார்த்தான். "பொண்ணு பாக்கவே ரெண்டு தடவைதான் போவாவ. நீ ஏழு தடவை வந்துட்டியே" என்றாராம் பரீது. ஏழு நாளிலும் அரை நிமிஷத்துக்கு மேல் பிசகவில்லை. அவன் அதைக் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் கையை நீட்டினான். யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாத வாட்ச். நான் பார்த்தேன், மணி பதினொன்று இருபது. "நல்லா இருக்குலே" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று எண்ணெய்ப் புட்டியைத் துடைக்கப் போய்விட்டேன். இரண்டு வருடம் கழித்து, பஸ்காரர்கள் நேரம் குறிக்க ஆள் தேடியபோது இவன் பேரைச் சொன்னவர் அப்துல் மஜீதுதான். அது தனிக் கதை.

வடிவாம்பாளுக்கு இடம் கிடைத்ததா என்றுதான் அவ்வளவு நாளும் எங்களுக்கு ஒரே கவலை. பேப்பரில் வருமா, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியாது. ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி கடைக்கே ஒரு தபால் கார்டு வந்தது. 'உச்சிமாகாளி, வாட்ச் வைத்திருப்பவர், பேரருவி, குற்றாலம்' என்று விலாசம். பத்தொன்பதாம் தேதி போட்ட கார்டு. வடிவாம்பாள் எழுதியிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது! கல்லூரியில் சேர்ந்தாகிவிட்டது, விடுதியில் இருக்கிறாள், அப்பா எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு நாளை ஊர் திரும்புகிறார். நான் சத்தமாகப் படிக்கப் படிக்க, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். எனக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு வரி:

'அப்பாவுடைய வாட்ச் இன்று இருபத்தைந்து நிமிஷம் முன்னால் ஓடுகிறது. அவசரத்தில் நீங்கள் பதினைந்துக்குப் பதில் இருபத்தைந்து வைத்துவிட்டீர்கள் என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார்.'

"என்னது!" என்று தம்பி குதித்தான். கார்டைப் பிடுங்கித் தேதியைப் பார்த்தான். விரலை மடக்கினான். "ஜூலை பத்து... ஆகஸ்டு பத்தொம்பது... நாப்பது நாளு. நாலு நாளைக்கு ஒரு நிமிஷம். பத்து நிமிஷம்! பதினஞ்சும் பத்தும் இருவத்தஞ்சு! அக்கா, ஒண்ணாந் தேதி திருப்ப மறந்துட்டாவ! நான் வச்சது பதினஞ்சேதான்! இப்பமே பதில் எழுது, உன் கையெழுத்துதான் தெளிவா இருக்கும்."

நான் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நாள் கணக்கை வரி வரியாகச் சொன்னான், அப்படியே எழுதினேன். கார்டில் முக்கால்வாசி இடம் அதற்கே சரியாகிவிட்டது.

"ஏலே, அந்தப் பிள்ளைக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கெடச்சிருக்கு. சந்தோஷம்னு அதுக்கு ஒரு வார்த்தை எழுத வேண்டாமா?"

"எழுதுக்கா, எழுது. ரொம்ப சந்தோஷம்னு பெருசா எழுது. எழுதிட்டு, அடுத்த ஒண்ணாந் தேதியாவது அப்பாவை மறக்காம வாட்ச்சைத் திருப்பச் சொல்லு."